சர்க்கரை மாத்திரை முழுதாக வெளியே வருகிறது: உள்ளே போன மருந்து என்ன ஆனது?

கௌண்டன்யாக்கரை (குடியாத்தம்), இரவு 9.40

அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் சாப்பிட்டுவந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்பு டாக்டர் அதை மாற்றி, இரவில் ஒன்று மட்டும் என்று 1000 எஸ்.ஆர். எழுதிக்கொடுத்தார். புளியங்கொட்டையைவிடப் பெரிய மாத்திரை. விழுங்கவே ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும்.

போன வாரம் அம்மா என்னைத் தனியாக அழைத்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினார். முகம் சுளிக்காதீர்கள்: மலத்தில் வந்த மாத்திரையைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறார். கொஞ்சம் உப்பியிருந்ததே தவிர வடிவம் அப்படியே இருக்கிறது. நான்கு முறை இப்படி வந்ததாம். "கரையாத மாத்திரைக்கு எதற்கடா காசு?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலை இடிக்கும் உரலில் போட்டு இடித்து மோரில் கலந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "அப்படித்தான் வரும், போங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரை போலியா? இல்லை, அம்மாவின் குடலில் ஏதாவது கோளாறா?

ஆம்பூர்_நடுத்தெரு, இரவு 9.58

போலிதான். என் மாமாவுக்கும் இதே கதை. வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறுங்கள்.

காட்பாடி_மருந்தாளுநர், இரவு 10.31

முதலில் இடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றே. மற்றதைப் பிறகு பேசலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் காரணம் தெரியாமல் உங்கள் அம்மா நிறுத்தமாட்டார் என்று தோன்றுகிறது.

அவர் பொட்டலத்தில் வைத்திருப்பது மாத்திரை அல்ல, மாத்திரையின் சக்கை. திருவலம் பக்கத்தில் அம்முண்டி சர்க்கரை ஆலையைப் பார்த்திருப்பீர்கள். கரும்பு உள்ளே போகிறது, சாறு பிழிந்தபின் சக்கை வெளியே வருகிறது. சக்கை வந்ததைப் பார்த்து ஆலை ஓடவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

எஸ்.ஆர். என்றால் மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை. தாவர நாரிலிருந்து செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் போன்ற ஒரு பசைப்பொருளோடு மருந்தைக் கலந்து அழுத்தி இதைச் செய்கிறார்கள். வயிற்றில் நீர் பட்டதும் வெளிப்பக்கம் உப்பிக் கூழாகும். அந்தக் கூழின் வழியாக மருந்து கசிந்து வரும். சாதாரண மெட்ஃபார்மின் சுமார் இரண்டரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். இந்த வகைக்கு ஏழு மணி நேரம் வரை ஆகும். பசைப்பொருளை நம் குடலால் செரிக்க முடியாது. சிலருக்கு அது வழியிலேயே உதிர்ந்துவிடும், சிலருக்கு உருவம் குலையாமல் வந்து சேரும்.

இரவு உணவோடு சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மெட்ஃபார்மினைச் சிறுகுடலின் மேல்பகுதிதான் நன்றாக உறிஞ்சும். அதைத் தாண்டிக் கீழே போனபின் கசிவதால் பெரிய பயன் இல்லை. வயிற்றில் சோறு இருந்தால் மாத்திரை அங்கேயே கொஞ்சம் அதிக நேரம் தங்கும். கசிந்ததெல்லாம் உறிஞ்சும் இடத்தின் வழியாகவே போகும். வெறும் வயிற்றில் விழுங்கினால் உண்மையிலேயே ஒரு பகுதி வீணாகப் போகலாம்.

உரலில் இடித்தால் என்ன ஆகும்? இரவு முழுவதும் கசிய வேண்டிய 1000 மில்லிகிராம் ஒரே நேரத்தில் குடலில் கொட்டும். மூன்று நாள் வயிற்றுப்போக்குக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கவுண்டரில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த "போங்க" தேவையில்லாதது.

ஆம்பூர்_நடுத்தெரு, இரவு 10.50

மருந்து கசிந்துவிட்டது, சக்கை மட்டும் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? கம்பெனி சொல்வதை நாம் நம்ப வேண்டும், அவ்வளவுதானே?

காட்பாடி_மருந்தாளுநர், இரவு 11.02

நம்ப வேண்டாம். சர்க்கரை அளவைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது. இன்னும் சந்தேகமா? ஒரு மாத்திரையை டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் போட்டு, காலைவரை விட்டுவையுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் (திருப்பத்தூர்), காலை 5.45

விடியற்காலையில் இதைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்பதால் ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும்.

மெட்ஃபார்மின் முழுவதும் உடம்புக்குள் போய்விடுவதாக எண்ணிவிடக் கூடாது. சாதாரண மாத்திரையில்கூடச் சுமார் 50 முதல் 60 விழுக்காடுதான் இரத்தத்துக்குள் நுழைகிறது. மீதி மலத்தோடு போய்விடும். ஆம்பூர் நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு "பாதி காசு வீண்" என்பார். இல்லை ஐயா, அந்தப் பாதி போகும் என்று தெரிந்துதான் 500, 1000 என்று அளவு வைத்தார்கள். சோறு வடிக்கும்போது கஞ்சியில் போவதையும் கணக்கில் வைத்துத்தானே அரிசி அளக்கிறோம்.

நுழைந்த மருந்து என்ன ஆகிறது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் பிடித்து உருமாற்றி, நீரில் கரையும்படி செய்து, சிறுநீரகத்திடமோ பித்தத்திடமோ ஒப்படைக்கும். மெட்ஃபார்மின் அந்த வரிசையில் சேராது. கல்லீரலில் வேலை செய்கிறது, ஆனால் கல்லீரல் அதை உருமாற்றுவதில்லை. போன உருவத்திலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால்தான் சர்க்கரைக்காரர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார்கள். வெளியேறும் வழி அடைத்தால் மருந்து உடம்பில் தேங்கும். கௌண்டன்யாக்கரை, அம்மாவுக்குக் கடைசியாகக் கிரியாட்டினின் எப்போது பார்த்தீர்கள்?

கௌண்டன்யாக்கரை, காலை 7.20

பார்த்து ஓராண்டு ஆகியிருக்கும் ஐயா. இந்த வாரமே எடுத்துவிடுகிறேன்.

டம்ளர் சோதனை செய்தேன். மாத்திரை இரண்டு மடங்கு பருத்து, மேலே வழுவழுப்பாகக் கூழ் கட்டியிருக்கிறது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "வெண்டைக்காய் மாதிரி இருக்கிறதே" என்றார். உரலைக் கழுவி வைத்துவிட்டார். ஆனால் பொட்டலத்தைத் தூக்கிப்போட மறுக்கிறார். டாக்டரிடம் காட்டியே தீருவாராம்.

சேண்பாக்கம்_அக்கா, காலை 8.05

தம்பி, உங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடு விழுங்கியவள் நான். காபி, பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாமே தைராக்சின் உள்ளே போவதைக் குறைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்தால் போதுமாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு மட்டும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம்.

அதைவிட வேடிக்கை, அளவைக் கூட்டியபிறகு பத்தாம் நாளே ஓர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து, "எண் அசையவே இல்லை" என்று அழுதேன். அந்த மருந்து பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும் என்றார் பிறகு பார்த்த டாக்டர். அப்படிப்பட்ட மருந்து உடம்பில் புதிய மட்டத்துக்கு வந்து நிற்க ஐந்தாறு வாரம் வேண்டும். அதற்கு முன் சோதிப்பது, உலையில் அரிசி போட்ட மறுநிமிடம் பதம் பார்ப்பது மாதிரி.

முள்ளுக்கத்தரி (இலவம்பாடி), காலை 9.12

அக்கா சொன்னதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. நம் பாட்டிகள் சொன்ன பத்தியமும் அனுபானமும் இதுதானே? தேனில் குழைத்துச் சாப்பிடு, வெந்நீரில் சாப்பிடு, பாலோடு சாப்பிடாதே. சித்த மருத்துவத்தில் ஒரே சூரணத்துக்கு நோய்க்கு ஏற்றபடி அனுபானம் மாறும். இப்போது விஞ்ஞானம் என்று சொல்வதை அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார், காலை 9.50

பாதி ஒப்புக்கொள்கிறேன். எதோடு சாப்பிடுகிறோம் என்பது முக்கியம் என்ற கூர்மை அவர்களுக்கு இருந்தது. திரிகடுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், சுக்கு மிளகு திப்பிலி. மிளகிலும் திப்பிலியிலும் பிப்பரின் இருக்கிறது. அது குடலிலும் கல்லீரலிலும் மருந்தை உடைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. 1998-இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வு ஒன்றில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. எல்லோரும் இந்த 20 மடங்கை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கோ மிகமிகக் குறைவாகவோ இருந்தது என்பதைச் சொல்லமாட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததின் 20 மடங்கு எவ்வளவு?

ஒப்புக்கொள்ளாத பாதி இது. நொதியைத் தடுக்கும் பொருள் நமக்கு வேண்டிய மருந்தை மட்டும் பார்த்துக் கூட்டாது. கூடவே சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் சேர்த்துக் கூட்டிவிடலாம். எந்தச் சூரணம் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பம்பளிமாஸுக்கும் இது பொருந்தும். அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறு சில மருந்துகளின் அளவைக் கன்னாபின்னாவென்று ஏற்றுவது 1989-இல் கனடாவில் தற்செயலாகத் தெரியவந்தது. பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உள்ளன.

முள்ளுக்கத்தரி, காலை 10.02

சரி ஐயா, பாதி கிடைத்ததே போதும்.

பள்ளிகொண்டான், முற்பகல் 11.15

கல்லீரல் பேச்சு வந்ததால் என் அப்பா கதை. இதயநோய்க்காரர். நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஐசோசார்பைட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் இரவு நெஞ்சு வலித்தபோது, பதற்றத்தில் அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டார். வலி நிற்கவில்லை. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போனோம், நல்ல வேளையாகப் பிழைத்தார். எந்த வழியாகப் போனாலும் மருந்து மருந்துதானே என்பது அவருடைய வாதம், இன்றுவரை.

காட்பாடி_மருந்தாளுநர், நண்பகல் 12.40

உங்கள் ஊர்ப் பெயரிலேயே விடை இருக்கிறது. வேலூரிலிருந்து நான்குவழிச் சாலையில் ஆம்பூர் போனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டாமல் போக முடியாது. விழுங்கும் மருந்துக்கும் அப்படி ஒரு சாவடி உண்டு. குடல் உறிஞ்சியதைச் சுமந்துவரும் இரத்தம் ஒரு தனி நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது, இதயத்துக்கு அல்ல. அங்கே சில மருந்துகளுக்கு வசூல் பலமாக இருக்கும். ஐசோசார்பைட் டைநைட்ரேட்டை விழுங்கினால் கால்பங்கு அளவுதான் உருமாறாமல் மறுபக்கம் போய்ச் சேரும், அதுவும் தாமதமாக.

நாக்குக்கு அடியில் உள்ள நாளங்கள் கல்லீரல் பக்கம் போவதில்லை. நேராக இதயத்துக்குப் போகும். காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று சாவடி இல்லாத பக்கமாகப் போவது மாதிரி. ஒரே வேறுபாடு, இங்கே அதுதான் குறுக்குவழி. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், தண்ணீர் குடிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. அன்று நீங்கள் அழைத்தது சரி.

சில மருந்துகளுக்குச் சாவடி பகை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில் கல்லீரலைத் தாண்டிய பிறகுதான் வேலை செய்யும் உருவத்துக்கே வருகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் கதையும் அதுதான்.

பாலாற்றுமணல் (கரிகிரி பக்கம்), பிற்பகல் 3.25

உள்ளே போவது, கல்லீரல், வெளியே வருவது எல்லாம் பேசிவிட்டீர்கள். நடுவில் மருந்து எங்கே தங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் சின்ன வயதிலிருந்து மறக்காத கேள்வி.

கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. எங்கள் பெரியப்பா எண்பதுகளில், வட ஆற்காடு மாவட்டம் பிரிவதற்கு முன்பு, தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை எடுத்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981-இல் பரிந்துரைத்த முறை அது. டாப்சோன் 100 மில்லிகிராம் தினமும், க்ளோஃபாசிமின் 50 மில்லிகிராம் தினமும். மாதத்தில் ஒருநாள் மட்டும் ஊழியரின் கண்முன்னே ரிஃபாம்பிசின் 600-உம் க்ளோஃபாசிமின் 300-உம் விழுங்க வேண்டும். ரிஃபாம்பிசின் விழுங்கிய நாளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பெரியப்பா அதை "சாமி வந்த நாள்" என்பார்.

சில மாதங்களில் அவர் தோல் கருஞ்சிவப்பாக மாறியது. ஊரில் நோய் முற்றிவிட்டது என்று பேசினார்கள். அது நோய் அல்ல, மருந்து. க்ளோஃபாசிமின் கொழுப்பிலும் தோலிலும் போய்ச் சேர்ந்துகொள்ளும். பாதியாகக் குறையவே சுமார் 70 நாள் ஆகும். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆனது அவர் பழைய நிறத்துக்குத் திரும்ப. அதற்குள் ஒரு கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டில் முறிந்துபோனது. அது வேறு கதை.

பாலாற்றைப் பாருங்கள். மேலே பார்த்தால் வெறும் மணல். ஊற்றுத் தோண்டினால் தண்ணீர். இரத்தம் என்பது நமக்குத் தெரியும் மேற்பரப்பு. சோதனைக்கு எடுப்பதும் அதைத்தான். சில மருந்துகள் இரத்தத்தில் கொஞ்சமாகவும் தசையிலும் கொழுப்பிலும் நிறையவும் இருக்கும். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் அப்படித்தான். இரத்தத்தில் உள்ள அளவை வைத்துக் கணக்குப் போட்டால், அது கரைந்திருக்க ஒரு மனிதனுக்குள் 500 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்று விடை வரும்! மீதியெல்லாம் மணலுக்குள் என்று அர்த்தம்.

சேண்பாக்கம்_அக்கா, பிற்பகல் 4.10

ரிஃபாம்பிசின் அவ்வளவு நாள் உடம்பில் தங்குமா? மாதம் ஒருமுறை எப்படிப் போதும்?

பாலாற்றுமணல், பிற்பகல் 4.48

தங்காது அக்கா. மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். மறுநாள் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒரே வேளை மருந்தில் தொழுநோய்க் கிருமிகளில் மிகப் பெரும்பகுதி செத்துவிடும். தப்பிய கிருமி ஒன்று இரண்டாகவே இரண்டு வாரம் பிடிக்கும், அவ்வளவு சோம்பேறி. காசநோய்க் கிருமி ஒரு நாளுக்குள் இரண்டாகிவிடும். அதனால் அங்கே இதே ரிஃபாம்பிசினைத் தினமும் கொடுக்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மருந்தின் வேகத்தை மட்டும் பொறுத்தது அல்ல, எதிரியின் வேகத்தையும் பொறுத்தது.

ஆம்பூர்_நடுத்தெரு, மாலை 6.30

இது எனக்குத் தெரியாது. சரி, எனக்கும் ஒரு கேள்வி. தம்பிக்கு வலிப்புக்கு ஃபெனிட்டாயின் 300 போய்க்கொண்டிருந்தது. மறுபடி வலிப்பு வந்ததால் 400 ஆக்கினார்கள். மூன்றில் ஒரு பங்குதான் கூட்டினார்கள். இரண்டு வாரத்தில் குடித்தவன்போலத் தள்ளாடுகிறான், கண் இரண்டாகத் தெரிகிறது என்கிறான். இதுவும் சக்கை என்று சொல்லிவிடாதீர்கள்.

காட்பாடி_மருந்தாளுநர், மாலை 6.41

சொல்லமாட்டேன். இது அவசரம். நாளை காலையே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு விடாமல் வரலாம். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, தூக்கக் கலக்கம் ஏதாவது இருந்தால் நாளைவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காரணம் இது. பல மருந்துகளில் அளவைக் கூட்டினால் உடம்பு வெளியேற்றுவதும் அதே விகிதத்தில் கூடும். ஃபெனிட்டாயினை உடைக்கும் நொதி அப்படி அல்ல. காட்பாடி நிலையத்தில் இரண்டே கவுண்டர் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்வரை வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் போய்க்கொண்டே இருப்பார்கள். இரண்டும் நிரம்பியபின் மணிக்கு இன்னும் பத்துப் பேர் கூடுதலாக வந்துகொண்டிருந்தால், வரிசை பத்துப் பேர் நீளத்தோடு நிற்காது, நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே போகும். 300-இல் தம்பியின் கவுண்டர்கள் ஏறக்குறைய நிரம்பியிருந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த மருந்தைச் சிறுசிறு அளவாகக் கூட்டுவார்கள்.

ஆம்பூர்_நடுத்தெரு, மறுநாள், பிற்பகல் 2.15

பார்த்தோம். அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. குறைத்திருக்கிறார்கள். நன்றி அண்ணா. போலி மாத்திரை என்று நான் முதலில் எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கௌண்டன்யாக்கரை, ஐந்து நாள் கழித்து, இரவு 8.20

அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. சர்க்கரையும் இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது. பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. விழுங்கச் சிரமமாக இருந்தால் பழைய 500-க்கே திரும்பலாம், இரண்டு வேளை உணவோடு, என்று மாற்றிக் கொடுத்தார். வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இன்று மாலை அம்மா மறுபடியும் தனியாக அழைத்தார். மூன்று நாளாகக் கவனித்துப் பார்க்கிறாராம், ஒன்றுமே வெளியே வரவில்லையாம். "சக்கை உள்ளேயே தங்கிவிட்டதா, கேட்டுச் சொல்" என்கிறார்.